வயித்துத் தகடு

வாங்க தம்பி, உள்ள வாங்க. நாயைக் கட்டித்தான் போட்டிருக்குது. செருப்பைக் கழட்டாதீங்க, கீழ பூராத் தகட்டுத் துண்டு கெடக்குது, காலைக் கிழிச்சுப் போடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. மொதல்ல மோரைக் குடிங்க. இன்ஜின் எங்கயும் ஓடிப் போயிராது.

மெக்கானிக்குன்னா வந்ததும் இன்ஜினைத் தொறந்து பாக்கோணும்னு கை துறுதுறுங்கும், எனக்குத் தெரியாதா? ஆனா மொதல்ல நாம நாயம் பேசிக்கலாம். உங்களை அனுப்புனவரு என்னையப் பத்தி என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியுமுங்க. அந்தாளு மச்சினன் கையை வெட்டுனவன்னு சொல்லியிருப்பாரு. இல்லைன்னு தலையாட்டாதீங்க. ஈரோட்ல பஸ் ஏறி இங்க வந்து எறங்கற வரைக்கும் உங்க காதுல அது உழுகலைன்னா இது எங்க ஊரே இல்ல. நான் வெட்டலீங்க. காத்தாடி வெட்டுச்சு. ஏரோப்ளேன் மூஞ்சியில தெரியுது பாருங்க, அந்தக் காத்தாடி. அதைய வாங்குனது நான், மாட்டுனது நான், அதுக்காக அது பண்ணுனதுக்கெல்லாம் நான் பொறுப்பாக முடியுமா?

எனக்குத் தொழில் மோட்டார் பம்புங்க. பவுண்டரி வெச்சிருந்தேன். கெணத்துல தண்ணி கீழ போகப் போகப் பம்பும் மாறிப் போச்சு, யாவாரமும் போச்சு. அப்பறம் சும்மா உக்கார முடியுமா? ஏரோப்ளேன் பிளானை வாங்கி, குழாயை வளைச்சு, தகட்டை அடிச்சு, இந்தச் சாளைக் கொட்டாய்க்குள்ளயே இதைய எழுப்புனேன். ரண்டு பேரு உக்காரலாம். இன்ஜின் மட்டும் பழைய இரும்புக் கடையில கெடச்சது, ஜப்பான் கார்ல இருந்து கழட்டுனது. ரோட்டரி. பிஸ்டனே கெடையாதுங்க. ஆட்டாங்கல்லுல குழவி உருள்றாப்ல முக்கோணமா ஒண்ணு உள்ள உருண்டுட்டே இருக்கும். எடை கம்மி, சக்தி எச்சு. ஒரே ஒரு கெட்ட கொணம், சூடு. தண்ணிக்கு ரேடியேட்டர் ஒண்ணு, ஆயிலுக்குக் கூலர் ஒண்ணு, ரண்டையும் வயித்துக்குள்ள வெச்சு மூஞ்சியில வாய் தொறந்து காத்து உட்டா, அப்பவும் சுடுது. எச்சாச் சுட்டா உள்ள இருக்கற ரப்பர் வளையம் வெந்து போகும். வெந்துச்சுன்னா இன்ஜின் செத்துச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு இது தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

இது பறக்கோணும்னு நான் ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டனுங்க. செல்லாண்டியம்மன் எங்க குலதெய்வம். ஊரே தீ மிதிச்சுக் குண்டம் எறங்கற அன்னிக்கு நான் மேல பறந்து போய்க் கோயில் கோபுரத்து மேல பூத் தூவறேன்னு சொல்லிட்டேன். சொன்னதோட உட்டிருக்கலாம். ஊர் முக்குல தட்டி வெச்சுட்டேன், எம்பட போட்டோவும் போட்டு. இப்பப் பறக்கலைன்னா இந்த ஊர்ல நான் தலை நிமுந்து ஒரு டீக் குடிக்க முடியாது. அதுதானுங்க எனக்குத் தீராத வெசனம். கை போனதெல்லாம் அப்பறம்.

லாரி வெச்சிருக்கறவன் சாமி பேரை நெத்தியில எழுதுவான். வண்டி பறக்கறப்ப நெத்திய யாரு பாப்பாங்க? கீழ நிக்கறவனுக்கு வயிறுதானுங்க தெரியும். அதனால வயித்துத் தகட்டுல எழுதச் சொன்னேன். 'செல்லாண்டியம்மன் துணை'. ஒவ்வொரு எழுத்தும் ஒரு மொழம். பெயிண்டரு மல்லாக்கப் படுத்து எழுதுனான், கண்ணுல பெயிண்டு சொட்டுச்சுன்னு அழுதான். ரண்டாவது எழுத்து கோணிப் போச்சு, ஒரு அறை குடுத்தேன், அப்பறம் பூரா நேரா வந்துச்சு. சில பேருக்கு அப்படித்தான் வேலை வரும்.

மொதல் தடவை ஸ்டார்ட் பண்ணுன அன்னிக்கு ஊரே வந்து நின்னுச்சு. வாலைத் தென்னை மரத்துல கட்டிப் போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வெச்சு, ஸ்டார்ட் பண்ணுனேன். சத்தம் பாருங்க, காக்காயெல்லாம் அடுத்த ஊருக்குப் போயிருச்சு. ஒரு பாட்டு முடியற நேரங்கூட ஆகல, சூட்டு மீட்டர் முள்ளு செவப்புக்கு ஏறி நிக்குது. நிறுத்திட்டு ரேடியேட்டர் மூடியத் தொறந்தேன். சூட்டுல மூடியத் தொறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஊரே பாத்துட்டு நிக்குது, என்னமோ பண்ணோணுமல்லோ. பொங்கி அடிச்சுது. இந்தாங்க பாருங்க கழுத்து, இது அன்னிக்குத்தான் வெந்தது. வலியில அந்த மீட்டரைச் சுத்தியல்ல அடிச்சு நொறுக்கிப் போட்டேன். பொய் காட்டற மீட்டரு. புதுசு வாங்கி மாட்டுனேன், அதுவும் அதையேதான் காட்டுச்சு.

அப்பத்தானுங்க குழந்தைவேலுவைக் கூப்பிட்டேன். எம்பட சம்சாரம் சாந்தாமணிக்குக் கூடப் பொறந்த தம்பி. தாராபுரம் ரோட்டுல ரேடியேட்டர் கடை வெச்சிருந்தான், ஈயம் பத்த வெக்கறதுல கில்லாடி. வாயும் அப்படித்தான். வந்தவன் வண்டியச் சுத்திப் பாத்துட்டு, மச்சான், இது ஏரோப்ளேனா, வெந்நி அடுப்பான்னு கேட்டான். சாந்தாமணி சிரிச்சுட்டா. பொண்டாட்டி சிரிச்சா நாமளும் சிரிச்சுக்கோணும், சிரிச்சேன்.

நான் மூஞ்சியில இருக்கற வாயைப் பெருசு பண்ணுனேன். காத்துப் பத்தலைன்னா வாயைத் தொற, அவ்வளவுதான? தட்டத்து அளவு இருந்ததைச் சட்டி அளவாக்குனேன். சுட்டுச்சு. அண்டா அளவாக்குனேன். அப்பவும் சுட்டுச்சு. அவன் என்ன பண்ணுனான், சாந்தாமணி பூக்கட்டற நூலைத் துண்டு துண்டா வெட்டி அந்த வாயைச் சுத்தி ஒட்டுனான். இன்ஜினை ஓட்டச் சொன்னான். உள்ள போற காத்துக்கு நூலெல்லாம் உள்ள பாத்துப் படுக்கோணுமல்லோ, பாதி நூலு வெளிய பாத்து ஆடுது. பாத்தீங்களா மச்சான், உள்ள போன காத்து திரும்பி வருது, பின்னால போறதுக்கு வழியில்லைங்கறான். ரேடியேட்டருக்குப் பின்னால வயித்துல ஒரு சன்னலு வெட்டோணும், சூடு அது வழியாப் போகும், வாயை நீங்க பழையபடி சின்னதாவே வெச்சுக்கலாம்னான். எங்க வெட்டறதுன்னு கேட்டேன். சாக்பீஸ எடுத்துக் கட்டம் போட்டுக் காட்டுனான். சரியா ஆத்தா பேரு மேலங்க.

நீங்களே சொல்லுங்க. சாமி பேரைக் கத்திரியில வெட்டுவாங்களா? பக்கவாட்டுல வெட்டுடான்னேன். பக்கத்துல ஆயில் கூலரு இருக்குது, குழாய்ச் சட்டம் போகுது, அங்க வெட்டுனா வண்டி மடங்கிரும்ங்கறான். அப்ப ரேடியேட்டரைத் தூக்கி வேற எடத்துல வைய்யின்னேன். அதுக்கு இன்னொரு வண்டி கட்டோணும்ங்கறான். அப்பவே கை ஓங்கிட்டேன். சாந்தாமணி நடுவுல வந்து நின்னுட்டா. அந்த அடி அவ தோள்ல உழுந்துச்சு. அவளுக்குன்னு ஓங்குனது இல்லீங்க அது. குறுக்க வந்தா என்ன பண்றது?

அவனில்லாமயே பறந்து காட்டறேன்னு மக்காநாள் நானே ஏறி உக்காந்தேன். வண்டி ஓடுச்சு, எந்திரிச்சுது தம்பி, ஆள் ஒசரத்துக்கு எந்திரிச்சுது. சத்தியமா என் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதுக்குள்ள குழாய் புட்டுட்டுப் போயி சுடுதண்ணி தொடையில அடிச்சுது. கண்ணாடி பூரா ஆவி, ஒண்ணுந் தெரியல. மக்காச்சோளக் காட்டுக்குள்ள போய் உழுந்தேன். சக்கரம் ஒடஞ்சுது. நான் எறங்கி, கடப்பாரைய எடுத்து, அந்த இன்ஜினை அடிச்சேன் பாருங்க. கை ஓயற வரைக்கும் அடிச்சேன். சோளத்தட்டு பூரா ஆயிலு. குழந்தைவேலு வரப்புல நின்னு பாத்துட்டே இருந்தான். இப்ப இதுல இருக்கறது ரண்டாவது இன்ஜின். அதையும் அவன்தான் தேடிப் புடிச்சுக் கொண்டாந்தான், அதைய நான் மறைக்க மாட்டேன்.

அப்பறம் சாந்தாமணிதான் ஒரு ரோசனை சொன்னா. நீங்க ரண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கறீங்க, ஆத்தாளையே கேட்டுருவோம்னா. எங்க பக்கம் பூக்கேக்கறதுன்னு ஒண்ணு உண்டுங்க. வெள்ளப்பூ ஒரு பொட்டணம், செவப்புப்பூ ஒரு பொட்டணம், ரண்டையும் ஆத்தா காலடியில வெச்சுப் பூசாரி ஒண்ணை எடுத்துக் குடுப்பாரு. வெள்ளை வந்தா ஆத்தா சரின்னுட்டான்னு அர்த்தம். செவப்புன்னா வேண்டாம். கல்யாணம், வீடு, கெணறு எல்லாம் அப்படிக் கேட்டுத்தான் பண்ணுவோம். எனக்கும் அது சரின்னு பட்டுது. ஆத்தா தன் பேரைத் தானே வெட்டச் சொல்லுவாளா? போய்க் கேட்டுட்டு வந்து இவன் வாயை அடைச்சுருவோம்னு வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போனேன்.

வெள்ளை வந்துச்சுங்க.

பொட்டணத்தப் பிரிச்சுப் பாத்துட்டுப் பூசாரி, போங்க, நல்ல உத்தரவுன்னு சிரிக்கறாரு. எனக்கு வயிறு பத்தி எரியுது. ஆத்தாளும் அவன் பக்கமா? நான் அவ பேரை ஊருக்கே தெரியற மாதிரி எழுதறேன், அவன் கத்திரியத் தூக்கீட்டு நிக்கறான், இவ அவனுக்குப் பூக்குடுக்கறா. பைக்குல வர்ற வழியெல்லாம் அதேதான் ஓடுச்சு. செவப்பு வந்துச்சுன்னு சொல்லிரலாமான்னு கூட ஒரு நெனப்பு. அப்பறம் மனசத் தேத்திக்கிட்டேன். சரி, ஆத்தா சொல்லிட்டா, நாமளே போயி, வெட்டுடா மாப்ள, நான் உத்தரவு வாங்கிட்டு வந்துட்டேன்னு பெருந்தன்மையாச் சொல்லுவோம். அப்படிச் சொல்றப்ப அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு கூட நெனச்சுப் பாத்தேன்.

கேட்டுக்கு வெளியவே இன்ஜின் சத்தம் கேட்டுச்சு.

வந்து பாக்கறேன், வெட்டிப்போட்டான். நான் வர்ற வரைக்கும் கூடப் பொறுக்கல தம்பி. வயித்துல பெரிய சன்னலாட்டத் தொறந்து கெடக்குது, சாந்தாமணி வண்டிக்குள்ள உக்காந்து ஆக்சிலேட்டரைப் புடிச்சுட்டு இருக்கறா, இவன் கீழ சக்கரத்துக்கு நடுவுல மண்டி போட்டு, அந்தத் தொளைக்கிட்டக் கையை நீட்டிச் சூடு வெளிய வர்றதத் தொட்டுத் தொட்டுப் பாத்துச் சிரிக்கறான். அதைக் கூடப் பொறுத்திருப்பேன். அவன் மொழங்காலுக்குக் கீழ என்ன கெடந்துச்சு தெரியுமுங்களா? வெட்டியெடுத்த அந்தத் தகடு. மண்ணு குத்துதுன்னு ஆத்தா பேரு மேல மண்டி போட்டிருக்கறான்.

கையில என்ன கெடச்சுதுன்னு எனக்கு நெனப்பில்லீங்க. ஸ்பேனருன்னு அப்பறம் சொன்னாங்க, பெரிய ஸ்பேனரு. முதுகுல ஒண்ணு போட்டேன். திரும்புனான். தோள்ல போட்டேன். இன்ஜின் சத்தத்துல அவன் என்னமோ கத்தறான், கேக்கல. காதோட சேத்து ஒண்ணு போட்டேன், ரத்தம் சட்டையில எறங்குச்சு. தகட்டு மேல இருந்து எந்திரிடான்னு கத்துனேன், எந்திரிச்சுட்டான், எந்திரிச்சப்பறமும் எனக்கு நிக்கலீங்க. அவன் பின்னால பின்னால போறான், நான் போட்டுட்டே போறேன். சாந்தாமணி மேல இருந்து எட்டிப் பாத்து ஒண்ணு சொன்னா. எல்லாச் சத்தத்துலயும் அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு.

"மீட்டரைப் பாருங்க. ஒருக்கா மீட்டரைப் பாத்துட்டு அப்பறம் அடிங்க."

சாமி பேரு மண்ணுல கெடக்குது, மீட்டரைப் பாக்கச் சொல்றா. நான் பாக்கல. இன்னொண்ணு ஓங்குனேன். அவன் தடுக்கறதுக்குக் கையைத் தூக்கி இன்னும் ரண்டு எட்டுப் பின்னால வெச்சான். பின்னால காத்தாடி.

சத்தம் பெருசா ஒண்ணும் இல்லீங்க. கரும்பு வெட்டறாப்ல ஒரு சத்தம். கண்ணாடியில செவப்பா அடிச்சுது. சாந்தாமணி மூஞ்சி அதுக்குப் பின்னால இருந்துச்சு, அப்பறம் தெரியல. அவதான் இன்ஜினை நிறுத்துனா. வலது கை, மணிக்கட்டுக்குக் கீழ ஒண்ணுமில்ல. என்ர துண்டைத்தான் சுத்திக் கட்டுனாங்க. நானே கார் எடுத்துட்டுப் போனேன், அதைய யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆசுபத்திரியில போலீஸ் வந்து கேட்டப்ப அவனே சொல்லிட்டான், கால் தடுக்கிக் காத்தாடியில உழுந்துட்டேன்னு. காதுல எப்படி அடின்னு கேட்டதுக்கும் அதேதான் சொன்னான். அப்ப நான் தள்ளலைன்னு அவனே ஒத்துக்கிட்டான்னுதான அர்த்தம்? அக்கா வாழ்க்கைக்காகச் சொன்னான்னு ஊர்ல ஒரு பேச்சு. ஊரு என்ன வேணா பேசும். இப்பக் கடைய மூடிட்டான். இடது கையில பத்த வெக்கப் பழகறானாம்.

சாந்தாமணி அவிய அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. சண்டை போடல, அழுகல. போறதுக்கு முன்னால ஒரு வாளித் தண்ணி கொண்டாந்து கண்ணாடியக் கழுவிட்டுப் போனா. ஆள் உட்டுப் பேசுனப்ப அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதானாம். நான் மறுக்காப் பொருத்தி ரிவிட் அடிச்ச தகட்டை நானே என் கையால வெட்டி எடுக்கோணும். அன்னிக்கே வந்தர்றாளாம். இத்தனைக்கும் பூ வெள்ளை வந்த சேதி அவளுக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன், வெளியூர்க்காரரு. அது தெரிஞ்சா அவிய ரண்டு பேரும் என்னையத் தப்புன்னு சொல்லிருவாங்க. ஆத்தா சரின்னாலும் நான் வந்து சொன்னப்பறமல்லோ வெட்டோணும்? உத்தரவு வாங்குனது நானு. மொறைன்னு ஒண்ணு இருக்குதல்லோ?

ஆமாங்க, தகட்டைத் திருப்பி வெச்சு ரிவிட் அடிச்சுட்டேன். பால் ஊத்திக் கழுவி, பேரும் மறுக்கா எழுதியாச்சு. எழுதறதுக்கு அந்தப் பெயிண்டரு வரல, நானே எழுதுனேன். அப்பறம் சூடு பழையபடி வந்துருச்சு. அவன் வெட்டுன அன்னிக்கு ரொம்ப நேரம் ஓடியும் முள்ளு பாதிக்கு மேல ஏறலைன்னு சாந்தாமணி சொல்றாளாம். பொழுதோட அடிச்ச காத்துல அப்படி இருந்திருக்கும். இல்லைன்னா ஆத்தா அருளு. தொளையாலன்னு எப்படிச் சொல்ல முடியும்? மனசுல ஒரு உறுத்தல் வேண்டாம்னு மறுக்காவும் பூக்கேட்டேன். வெள்ளை. அடுத்த வெள்ளிக்கெழமையும் கேட்டேன். வெள்ளை. விசாரிச்சுப் பாத்தா அந்தப் பூசாரி சாந்தாமணிக்கு ஒறம்பரைங்க, சித்தப்பா மொறை. இப்ப அந்தக் கோயிலுக்குப் போறதை நிறுத்திட்டேன். குண்டத்தன்னிக்கு மேல இருந்து கும்புட்டுக்கலாம்.

இதுவரைக்கும் வந்த மெக்கானிக்குங்க ஒருத்தரும் நிக்கலீங்க. திருப்பூர்க்காரரு சாப்பாட்டுக்கு எலை போட்டு வெச்சிருந்தும் எந்திரிச்சுப் போயிட்டாரு. இன்னொருத்தரு செருப்பைக் கூட எடுத்துக்கல, அதா அந்த மூலையில கெடக்குது. நான் அவரை என்ன பண்ணுனேன், சட்டையத்தான் புடிச்சேன். உங்களுக்கு வேலை நெம்பச் சுளுவுதான். வாயை இன்னும் பெருசு பண்ணுங்க, இல்ல பெரிய ரேடியேட்டரு போடுங்க, தண்ணி பீச்சுங்க, என்ன வேணாப் பண்ணுங்க. குண்டத்தன்னிக்கு எங்கூட ஒருத்தரு பக்கத்துல உக்காந்து முள்ளைப் பாத்துச் சொல்லோணும், பறக்கறப்ப எனக்குக் கண்ணு அதுல போகாது. அதுக்கு உங்களை உட்டா எனக்கு இனி ஆளில்லீங்க தம்பி. சத்தியமா இல்ல. வவுத்தெரிச்சலோடதான் சொல்றேன்.

பாருங்க, நல்லாச் சுத்திப் பாருங்க. காலைல ஓட்டுனேன், இன்னும் சூடு ஆறியிருக்காது. அது ஆயில் கூலரு. ஆமா, சட்டம் அங்கதான் போகுது. ஏனுங்க, அங்க எதுக்குக் குனியறீங்க? ரிவிட்டெல்லாம் நானே அடிச்சது, அதுல பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

என்ன கேட்டீங்க?

சித்தெ சத்தமாச் சொல்லுங்க. காத்து எந்த வழியா வெளிய போகுதுன்னா? இத்தனை நேரம் நான் சொல்லிட்டு இருந்தது பூரா உங்க காதுல உழுகலீங்களா? வாங்க தம்பி, அக்கட்டால வாங்க. இன்னொரு டம்ளர் மோர் ஊத்தறேன். தகட்டுல இருந்து கையை எடுங்க. மரியாதையாத்தான் சொல்றேன், கையை எடுங்க.

கைய எடு.